முதிர்ந்த காவல் நாயின் மூட்டு நோவும் அதற்குரிய பராமரிப்பும்

நமது கிராமங்களில் நாய் வளர்ப்பது பெரும்பாலும் பொழுதுபோக்கிற்காக அன்று. களத்து நெல்லையும், தோட்டத்துக் காய்கறியையும், பட்டியில் அடைத்த ஆடுகளையும் இரவில் காப்பது நாயே. காட்டுப்பன்றியும் நரியும் வரும் இடங்களில் அதன் குரலே விவசாயிக்கு முதல் எச்சரிக்கை. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாட்டு இனங்கள் இவ்வேலைகளுக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டு வந்தவை. இராஜபாளையம் நாயின் உருவம் 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் தலையிலும் இடம் பெற்றது.

இத்தகைய நாய் ஏழெட்டு வயதைக் கடந்தபின் காலையில் எழுந்திருக்கத் தடுமாறுகிறது. திண்ணையில் ஏற மறுக்கிறது. கூப்பிட்டால் தாமதித்து வருகிறது. “வயதாகிவிட்டது, இனி உதவாது” என்று சொல்லி அதனைப் புறக்கணிப்பதே பெரும்பாலோர் வழக்கம். இவ்வழக்கம் இரண்டு வகையில் தவறானது. முதலாவது, முதுமை ஒரு நோயன்று. நடையின் தடுமாற்றம் பெரும்பாலும் நோவினால் உண்டாவது. நோவைக் குறைக்க வழியுண்டு. இரண்டாவது, நோவுள்ள நாய் தன்னைத் தொடுவோரைக் கடிக்கக்கூடும். வீட்டுக் குழந்தை விளையாட்டாக அதன் இடுப்பின்மேல் சாயும்பொழுது, அதுவரை சாதுவாக இருந்த நாயும் திரும்பிக் கடித்துவிடும். ஆகையால் முதிர்ந்த நாயின் மூட்டு நோவைக் கவனிப்பது நாயின் பொருட்டு மட்டுமன்று. குடும்பத்தின் பொருட்டும் அவசியமாகும்.

நோயின் தன்மை

எலும்பும் எலும்பும் கூடுமிடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அவ்விடத்தைச் சூழ்ந்த சவ்வு ஒருவகை நீரைச் சுரந்து, வண்டியச்சுக்கு மசகு இட்டாற்போல மூட்டை இலகுவாக இயங்கச் செய்கிறது. வயது, உடற்பருமன், பிறவியிலேயே சரியாகப் பொருந்தாத இடுப்பு மூட்டு, முழங்கால் நார் அறுதல், இளமையில் முறிந்து கோணலாகக் கூடிய எலும்பு ஆகிய இவற்றால் குருத்தெலும்பு தேய்கிறது; சவ்வு வீங்குகிறது; ஓரங்களில் புது எலும்பு முளைக்கிறது. இதுவே மூட்டுத் தேய்வு நோய்.

தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. எனினும் நாய் படும் துன்பம் முழுவதும் அத்தேய்வினால் மட்டும் வருவதன்று. நோவினால் நாய் காலைப் பயன்படுத்தாது விடுகிறது. பயன்படுத்தாத காலின் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டைத் தாங்கும் வலிமை குன்றுகிறது. மூட்டு ஆட்டங்கண்டு நோவு மிகுகிறது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழலை இடையில் அறுப்பதே மறுவாழ்வுச் சிகிச்சையின் நோக்கம். மருந்து நோவைக் குறைக்க, அந்த இடைவெளியில் முறையான பயிற்சி தசையை வளர்க்கிறது. இரண்டில் ஒன்று தனியே போதாது.

அறிகுறிகளைக் கண்டறிதல்

நாய் நோவை எளிதில் வெளிக்காட்டாது. கத்தவில்லை என்பதால் நோவில்லை என்று கொள்ளலாகாது. அடியிற்கண்ட குறிகளைப் பதினைந்து நாட்கள் கவனித்து ஒரு தாளில் குறித்து வருதல் நலம்.

1. படுத்து எழுந்தவுடன் விறைப்பாக நடந்து, சில நிமிடங்கள் நடந்தபின் சற்றுத் தெளிதல். அதிக ஓட்டத்திற்கு மறுநாள் மீண்டும் நொண்டுதல்.

2. நோவுள்ள முன்கால் தரையில் படும்பொழுது தலையை மேலே தூக்கி, நல்ல கால் படும்பொழுது தாழ்த்துதல். பின்காலில் நோவிருப்பின் அப்பக்கத்து இடுப்பு ஏறி இறங்குதல்.

3. ஒரே மூட்டை ஓயாமல் நக்குதல், வழுவழுப்பான தரையில் கால் பரப்பி நிற்றல், படியேறத் தயங்குதல்.

4. ஒரு தொடை மற்றதைவிட மெலிந்திருத்தல். தையற்காரர் நாடாவினால் இரு தொடைகளையும் ஒரே உயரத்தில் அளந்து பார்த்தால் இது புலப்படும்.

5. குணம் மாறுதல், தொட்டால் உறுமுதல், தனியே ஒதுங்குதல்.

நாய் வைத்தியசாலைக்கு வந்தவுடன் அச்சத்தினால் நொண்டலை மறைத்து நடப்பதுண்டு. ஆகையால் வீட்டில் அது காலையில் எழுந்து நடப்பதைப் பக்கவாட்டிலிருந்தும் பின்புறமிருந்தும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு வைத்தியரிடம் காட்டுதல் மிக்க உபயோகமானது.

மூட்டுத் தேய்வு அல்லாதவை

எல்லா விறைப்பும் மூட்டுத் தேய்வு அன்று. உண்ணி கடிப்பதால் பரவும் சில காய்ச்சல்களிலும் மூட்டுகள் வீங்கி நாய் விறைத்து நடக்கும், உணவு மறுக்கும், ஈறு வெளுக்கும். இரத்தப் பரிசோதனையால் இதனை அறிந்து உரிய மருந்து கொடுத்தால் குணமாகும். வயதின் குற்றமென்று இதனை விட்டுவிட்டால் நாய் மடியும்.

முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கினால் பின்கால்கள் தள்ளாடும். பாதத்தின் மேற்புறம் தரையில் உராயும். சிறுநீர் தன் வசமின்றிக் கழியும். இக்குறிகள் திடீரெனத் தோன்றினால் அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வெறிநோய். அதன் ஒருவகையில் நாய் வெறிகொண்டு ஓடாது; கால்கள் தளர்ந்து, தாடை தொங்கி, உமிழ்நீர் வடிந்து, விழுங்க முடியாமல் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிற்றென்று எண்ணி வாயில் கைவிடுவோர் உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கின்றனர். அத்தகைய நாயைத் தொடாமல் தனியே அடைத்துக் கால்நடை வைத்தியருக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். இக்கட்டுரையிற் கூறும் கைப்பயிற்சிகள் யாவும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடப்பெற்ற நாய்களுக்கே உரியவை. எந்த நாய் கடிப்பினும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

வைத்திய உதவி பெறும் வழி

முதலிற் செல்ல வேண்டிய இடம் அருகிலுள்ள அரசாங்கக் கால்நடை மருந்தகமே. அங்குள்ள வைத்தியர் நாயைப் பரிசோதித்து, நோவு எம்மூட்டில் உள்ளதென்று கண்டு, எக்ஸ்-கதிர்ப் படமோ இரத்தப் பரிசோதனையோ தேவையெனின் பெரிய வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுப்பார். கால்நடை வைத்தியக் கல்லூரிகளைச் சார்ந்த போதனா வைத்தியசாலைகள் இதற்கு ஏற்றவை. சென்னைக் கல்லூரி 1903-இலும், நாமக்கல் கல்லூரி 1985-இலும் தொடங்கப்பெற்றன. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஏற்பட்டபின், 2012-இல் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் கல்லூரிகள் திறக்கப்பெற்றன. ஆகவே சென்னை வரை செல்ல இயலாதவரும் உதவி பெற வழியுண்டு.

மிருகங்களுக்கு இயற்பியல் முறைச் சிகிச்சை அளிப்பது மேல்நாடுகளில் தனித்துறையாக வளர்ந்து, அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு தனிச் சிறப்புப் பிரிவாக அங்கீகாரம் பெற்றது. நம் நாட்டின் பெரிய நகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் தோன்றி வருகின்றன. பெயர்ப் பலகையைக் கண்டு மயங்காமல், நாயைக் கொண்டு செல்வோர் அடியிற்கண்டவற்றை விசாரித்தறிதல் நலம்.

முதலாவது, சிகிச்சை செய்பவர் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டத்தின்படி பதிவு பெற்ற வைத்தியரா, அல்லது அத்தகையவரின் மேற்பார்வையில் வேலை செய்பவரா? இரண்டாவது, நோய் இன்னதென்று நிச்சயித்த பின்னரே பயிற்சி தொடங்குகிறாரா? மூன்றாவது, தொடையின் சுற்றளவையும், மூட்டு மடங்கும் அளவையும், நாயின் எடையையும் முதல் நாளே குறித்துக்கொண்டு, சில வாரங்களுக்குப்பின் மீண்டும் அளந்து காட்டுகிறாரா? நான்காவது, வீட்டில் செய்ய வேண்டியவற்றை வளர்ப்பவருக்குக் கற்பிக்கிறாரா? இந்நான்கிற்கும் ஆமென்று விடை கூறுபவரிடம் நாயை ஒப்புவிக்கலாம். அளவெடுக்காமல் ஒரே வாரத்தில் பூரண குணமென்று வாக்களிப்பவரிடம் பணத்தைச் செலவிடுதல் வீண்.

சில ஊர்களில் நொண்டும் நாய்க்கும் மாட்டிற்கும் சூடு போடும் வழக்கம் உண்டு. சூட்டின் புது நோவு பழைய நோவைச் சில நாள் மறைப்பதன்றி மூட்டிற்கு யாதொரு நன்மையும் செய்வதில்லை. புண் சீழ்பிடித்துப் புழு வைப்பதே மிச்சம். இதனை அறவே ஒழிக்க வேண்டும்.

மருந்தைப் பற்றிய எச்சரிக்கை

மனிதருக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது பெருந்தவறு. ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவை நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது இந்தியாவில் 2006-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. அம்மருந்து கொடுக்கப்பட்டு இறந்த மாட்டின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மடிந்ததே அத்தடைக்குக் காரணம்.

நாய்களுக்கு ஏற்ற வலி மருந்துகள் வேறு உள. அவற்றையும் வைத்தியர் நாயின் எடையைக் கண்டு நிர்ணயித்த அளவிலேயே கொடுத்தல் வேண்டும். முதிர்ந்த நாய்க்கு நெடுநாள் கொடுப்பதாயின் இடையிடையே சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் நிலையை இரத்தப் பரிசோதனையால் அறிதல் அவசியம். ஒரு வைத்தியர் கொடுத்த மருந்து நடக்கையில் மற்றொருவரிடம் ஊசி போடுவதாயின் முன்னதைத் தெரிவிக்காமல் இருக்கலாகாது; இவ்வகை மருந்துகளில் சில ஒன்றுசேர்ந்தால் இரைப்பை ஓட்டையாகிவிடும். வாந்தி, கறுத்த மலம், உணவில் வெறுப்பு ஆகியவை கண்டால் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியரைக் காணவும்.

எடையும் உணவும்

பருத்த நாயின் மூட்டுக்கு எடையைக் குறைப்பதைப் போன்ற மருந்து வேறில்லை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் ஆயுள் முழுவதும் கவனித்து, 2002-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதனைத் தெளிவாக்குகிறது. இரண்டிரண்டாக இணைத்த அந்நாய்களில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுக்கப்பட்டது. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள். மிகுதியாக உண்டவற்றிற்கு 11 ஆண்டுகளுக்குச் சற்று மேல். மூட்டு நோய்க்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் முன்னவற்றில் பிந்தியே வந்தது.

விலாவெலும்புகள் கண்ணுக்குத் தெரியாவிடினும் கையால் தடவினால் எளிதில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய ஒல்லியான வேட்டை நாய்களுக்கு விலா சிறிது தெரிவதே இயல்பு. அவற்றைக் கொழுக்க வைப்பது அன்பாகாது. தானிய மூட்டை நிறுக்கும் தராசில், ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு நின்று, பின்பு தாம் மட்டும் நின்று கழித்தால் நாயின் எடை தெரிந்துவிடும். வாரந்தோறும் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை குறைந்து வருவது போதும். 30 கிலோ எடையுள்ள நாய்க்கு இது வாரத்திற்கு 300 முதல் 600 கிராம் ஆகும். திடீர்ப் பட்டினி கூடாது. மிஞ்சிய சோற்றைக் கொட்டுவதை நிறுத்தி, சோற்றின் அளவைக் குறைத்து, வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன் முதலிய புலாற் சத்தைக் குறையாமல் கொடுத்தால் கொழுப்புக் கரைந்து தசை நிலைக்கும். மீன் எண்ணெய் மூட்டு வீக்கத்தைத் தணிக்க உதவும். அதன் அளவை வைத்தியரைக் கேட்டறியவும்.

வீட்டில் செய்யும் சிகிச்சை

நோய் நிச்சயிக்கப்பட்டு நோவு ஓரளவு தணிந்தபின், வைத்தியரின் அனுமதியுடன் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளலாம். செலவு சொற்பம், பொறுமையே முதல்.

*ஒற்றடம்.* வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை முதலில் தன் மணிக்கட்டின் உட்புறம் வைத்துச் சூடு பார்த்து, விறைத்த மூட்டின்மேல் 10 முதல் 15 நிமிடம் வைக்கவும். மூட்டு புதிதாக வீங்கித் தொட்டால் சுடுமாயின் வெந்நீர் ஆகாது. துணியிற் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தல் நன்று.

*நீவுதல்.* ஒற்றடத்திற்குப் பின், பாதத்திலிருந்து உடலை நோக்கி உள்ளங்கையால் மெதுவாகத் தசைகளை நீவவும். எலும்பின்மேல் அழுத்தலாகாது.

*மூட்டை மடக்கி நீட்டுதல்.* நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு கையால் மூட்டின் மேற்புறத்தையும் மறு கையால் கீழ்ப்புறத்தையும் தாங்கி, நோவு தோன்றாத எல்லை வரையில் மெதுவாக மடக்கி நீட்டவும். ஒவ்வொரு மூட்டிற்கும் பத்து முறை, நாளைக்கு இருவேளை. நாய் தலையைத் திருப்பினாலும் உதட்டை நக்கினாலும் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பலவந்தமாக இழுப்பது உள்ளதையும் கெடுக்கும்.

*நடை.* வாரத்தில் ஆறு நாள் கட்டிப் போட்டு ஏழாம் நாள் வயல் முழுவதும் ஓடவிடுவதே மூட்டிற்குப் பரம சத்துரு. நாள் தவறாமல், கயிற்றில் பிடித்து, மெல்ல, ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் பத்து நிமிடம் வீதம் இரண்டு மூன்று வேளை நடத்தவும். மறுநாள் விறைப்பு மிகவில்லையெனின் வாரந்தோறும் சிறிது நேரம் கூட்டலாம். மிகுந்தால் முந்தைய அளவிற்குத் திரும்பவும்.

*எழுந்து உட்காருதல்.* நாயை உட்காரச் செய்து, சிறு தின்பண்டம் காட்டி எழச் செய்யவும். ஐந்து முறையில் தொடங்கலாம். இது பின்தொடைத் தசையை வலுப்படுத்தும். தரையில் மூங்கிற் கழிகளை ஒரு முழம் இடைவிட்டுக் கிடத்தி அவற்றைத் தாண்டித் தாண்டி மெல்ல நடக்கச் செய்வது, பாதத்தைத் தூக்கி வைக்கும் பழக்கத்தை மீட்கும்.

*நீர் நடை.* நீர் உடலைத் தாங்குவதால் மூட்டின்மேல் விழும் பாரம் குறைகிறது. கணுக்கால் அளவு நீரில் நிற்கும் நாயின் கால்கள் அதன் எடையில் நூற்றுக்கு 91 பங்கையும், முழங்கால் அளவு நீரில் 85 பங்கையும், இடுப்பளவு நீரில் 38 பங்கையுமே தாங்குகின்றன என்று அளந்து கண்டிருக்கின்றனர். நகரத்து நிலையங்களில் நீருக்குள் ஓடும் பட்டையின்மேல் நாயை நடத்துவதன் தத்துவம் இதுவே. கிராமத்தில் சரிவான கரையும் உறுதியான அடித்தரையும் உள்ள குட்டையிலோ, மெல்ல ஓடும் வாய்க்காலிலோ, வெயில் ஏறியபின், ஒருவர் கூடவே நின்று மூன்று நான்கு நிமிடம் நடத்தினால் போதும். கிணற்றிலும் ஆழமான மடுவிலும் தள்ளி நீந்தவிடுதல் அபாயம். புண், இருதய நோய், காய்ச்சல் உள்ள நாய்க்கு நீர் நடை கூடாது. முடிந்தவுடன் துடைத்து உலர்த்துக.

இருப்பிடமும் வேலையும்

சிமெண்டுத் தரையும் பளிங்குத் தரையும் முதிர்ந்த நாய்க்குப் பகை. அது நடமாடும் வழியில் கோணிச் சாக்கை விரித்து நழுவாமல் பதித்து வைக்கலாம். படுக்கைக்குத் தடித்த வைக்கோற் பரப்பின்மேல் சாக்கு விரித்து, ஈரம் ஏறாமல் மேடான இடத்தில் அமைத்தல் வேண்டும். மார்கழி, தை மாதப் பனியில் இது இன்றியமையாதது. நகம் நீண்டால் பாதம் சரியாக ஊன்றாது. அதனை அவ்வப்போது வெட்டவும். வண்டியிலும் வாகனத்திலும் குதித்து ஏறி இறங்க விடாமல் சாய்பலகை வைக்கவும். எழ இயலாத நாளில் ஒரு மேல்துண்டை வயிற்றின்கீழ்க் கொடுத்து இரு முனைகளையும் மேலே பிடித்துத் தாங்கினால் நாய் தன் கால்களாலேயே நடக்கும்.

வேலையை முற்றும் நிறுத்த வேண்டுவதில்லை. மந்தையுடன் நெடுந்தூரம் ஓடும் வேலையை இளைய நாய்க்கு விட்டு, பட்டி வாசலில் படுத்துக் குரல் கொடுக்கும் வேலையை முதிய நாய்க்குக் கொடுக்கலாம். அதன் மோப்பமும் அனுபவமும் இளைய நாய்க்கு ஆசானாகவும் அமையும்.

கிராம அதிகாரிகளின் கடமை

உதவாதென்று கருதிய நாயைச் சந்தையிலும் சாலையிலும் விட்டுவருவது தெருநாய்த் தொல்லையைப் பெருக்குவதோடு, சட்டப்படியும் குற்றமாகும். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் பிராணியைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்கீழ் வரும். கிராம அதிகாரிகள் இதனை மக்களுக்கு எடுத்துரைப்பதோடு, தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளில் முதிர்ந்த நாய்களையும் கொண்டுவரச் செய்து வைத்தியரிடம் காட்ட ஏற்பாடு செய்தால், பலர் தனியே பயணம் செய்யும் செலவு மிச்சமாகும்.

ஆறு முதல் எட்டு வாரம் இம்முறைகளை ஒழுங்காகக் கைக்கொண்டு, முதல் நாள் எடுத்த அளவுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் பயன் விளங்கும். தொடை பருத்து, எழுந்திருக்கும் நேரம் குறைந்து, நாய் தானே வாசல்வரை வருமாயின் முறை சரியென்று அறிந்து தொடரலாம். யாவும் செய்தும் உண்ணவும் எழவும் இயலாமல், நல்ல நாட்களைவிடத் துன்ப நாட்களே மிகுமாயின், வைத்தியருடன் கலந்து, நோவின்றி உயிர் நீங்கச் செய்வதும் கருணையின்பாற் படும். அந்நாள் வரும்வரை, பத்தாண்டு இரவுகள் விழித்திருந்து வீட்டைக் காத்த பிராணிக்குக் காலையும் மாலையும் கால் மணி நேரம் செலவிடுவது எந்தக் குடியானவனுக்கும் இயலாத காரியம் அன்று.